அந்த மூலையை மட்டும் கொஞ்சம் சுத்தமாக

எங்கள் குடியிருப்பின் முகப்பிலிருந்து ஒரு நாள் காலையில் காரைத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம் சங்கத் தலைவரின் ஸ்கூட்டர் இருக்கை. ஆகவே அது பொதுப் பிரச்சினை ஆயிற்று. அதற்கு முன் பல வருடங்களாக விழுந்து கொண்டிருந்தவை எல்லாம் அவரவர் சொந்தப் பிரச்சினைகள்.

பாளையங்கோட்டையில் நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய குடியிருப்பு இது. தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். கட்டியபோது இதைப் பார்க்கத் தனியாகப் பஸ் ஏறி வந்தார்களாம். இப்போது பக்கத்தில் நடக்கிறவர்கள் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்கள். நான் மூன்றாவது மாடியில், வடக்கு மூலை வீட்டில் இருக்கிறேன். அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறு மாதமே, கோப்பு பார்த்துப் பழகிய கை என்று சொல்லிச் சங்கத்தின் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். தலைவர் பதவிக்குப் போட்டி இருந்தது. செயலாளர் பதவிக்கு என்னைத் தவிர எல்லாருக்கும் அன்று வெளியூரில் வேலை இருந்தது.

தலைவர் அண்ணாச்சி முன்பு பாத்திரக்கடை வைத்திருந்தவர். அந்தக் காரைத் துண்டைச் செய்தித்தாளில் பொதிந்து, ஏதோ புதையலைக் கொண்டு வருவது போல மூன்று மாடி ஏறி என் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"இங்க பாருங்கம்மா, நேத்துத்தான் சீட்டு கவர் மாத்துனேன். இது என் தலையில விழுந்திருந்தா என்ன ஆவும்?"

கவர் மிச்சமாகியிருக்கும் என்று வாய் வரை வந்தது. அடக்கிக் கொண்டேன்.

அதே வாரத்தில் பழைய கட்டடங்களை எல்லாம் மழைக்கு முன் பரிசோதித்து, ஒரு பொறியாளரிடம் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும் என்று மாநகராட்சி நோட்டீசும் வந்து சேர்ந்தது. கூட்டம் போட்டோம். சாரம் கட்டி ஆள் ஏறிப் பார்ப்பது என்றால் மாதக் கணக்காகும், மூங்கில் கழி எல்லாம் எங்கள் பால்கனியில் முட்டும், குருவிக்கூடு கலையும் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். குருவிகள் மேல் அவ்வளவு அக்கறை எங்கள் குடியிருப்பில் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் அண்ணாச்சிக்குத் தெரிந்த மதுரைப் பொறியாளர் ஒருவர் போனில் வழி சொன்னார். டிரோன் விட்டு நாலு பக்கமும் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்புங்கள், விரிசல், ஓதம், துருப்பிடித்த கம்பி எல்லாம் அதில் தெரியும், பார்த்து எழுதித் தருகிறேன் என்றார். தான் நேரில் வருவது பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

டிரோன் யாரிடம் இருக்கிறது? எங்கள் ஊர்ப்பக்கம் டிரோன் என்றால் அது கல்யாண வீட்டுச் சாமான். பந்தல், சமையல், டிரோன். அந்த வரிசையில்தான் பேசி முடிப்பார்கள். எங்கள் தெரு முனையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி உடனே ஒப்புக் கொண்டார்.

"ஸ்ரீவைகுண்டத்துல போன மாசம் ஒரு கல்யாணம் எடுத்தேன்க்கா. வாழைத்தோப்புக்கு மேல பொண்ணு மாப்பிள்ளையச் சுத்திச் சுத்தி வந்து எடுத்தோம்லா. அதே மாதிரிதான். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பதிலா கட்டடம்."

"தம்பி, இது அழகு பாக்கதுக்கு இல்ல. எங்க பழுது இருக்குன்னு பாக்கதுக்கு."

"எல்லாம் அழகா வந்துரும்க்கா."

அந்தப் பதிலிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். "ஞாயிறு காலை கேமரா வருகிறது." நான் செய்த முதல் தப்பு இந்த வாக்கியம். வியாழக்கிழமையே குடியிருப்பில் பட்டி பார்க்கும் வேலை ஆரம்பமாகி விட்டது. ஜன்னலுக்கு மேல் விரிசல் வைத்திருந்தவர்கள் எல்லாம் வெள்ளைச் சிமென்டைக் குழைத்துப் பூசினார்கள். இரண்டாவது மாடிக்காரர் தன் பங்குச் சுவருக்கு மட்டும் பச்சை வண்ணம் அடித்தார். அதற்குப் பக்கத்து வீட்டம்மா போட்டிக்கு ரோஸ். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறவன் முகத்துக்குப் பவுடர் அடித்துக் கொண்டு போகிற மாதிரி இருந்தது. மாடி மாடியாக ஏறி இறங்கிக் கத்தினேன். "விரிசலப் பாக்கத்தானே வாராங்க, அதப் போய் மூடுதீங்களே!"

"அதுக்காக ஊரே பாக்க அசிங்கமாவா இருக்க முடியும்?" என்று கேட்டார் ரோஸ் வண்ணத்தம்மா.

அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. என் அலுவலகத்தில் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் நாங்கள் செய்ததும் இதைத்தான். வாசலில் சுண்ணாம்பு அடிப்போம். உடைந்த நாற்காலிகளைப் பின்னறையில் அடுக்கிப் பூட்டுவோம். முடிக்காத கோப்புகளையும் அந்த நாற்காலிகளின் மேலேயே வைப்போம். சாவி என்னிடம்தான் இருக்கும். அதிகாரி போய் ஒரு வாரத்துக்கு அந்த அறையைத் திறக்கவே மாட்டோம்.

குடியிருப்பில் யார் யார் சுவருக்கு என்னென்ன கொடுமை செய்தார்கள் என்று என்னிடம் பட்டியலே இருந்தது. இரும்புக் கூண்டு வைத்துப் பால்கனியை அறையாக்கியவர், ஏ.சி. மாட்டத் தூணில் துளை போட்டவர், மொட்டை மாடியில் முருங்கை வளர்த்தவர். என் வீட்டிலும் சின்னதாக ஒன்று உண்டு. மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய வாஷிங் மெஷினைச் சமையலறைப் பால்கனியில் வைத்தபோது, கழிவு நீருக்கு முறையாகக் குழாய் இறக்க வேண்டும் என்றால் மூன்று மாடிக்கு வேலை என்றார் பிளம்பர். சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயை வெளியே நீட்டிவிட்டால் போதும், தண்ணீர் காற்றோடு போய்விடும் என்றார். ஆறு வருடமாகக் காற்றோடுதான் போய்க் கொண்டிருந்தது. அதாவது நான் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன். இல்லை, அதுவும் பொய். எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் மூலைக்கு நேர் கீழே, முதல் மாடியை ஒட்டி நீளமாக ஒரு சன்ஷேடு. அதன் அடியில்தான் துணி தேய்க்கிறவளின் வண்டி நிற்கும். பதினோரு வருடமாக அவளுக்கு அந்த நிழல்தான் கடை. அதற்கு அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. சங்கம் பார்த்துப் "போ" என்றால் போக வேண்டியதுதான். விடியும் முன்பே வந்துவிடுவாள், எட்டு மணிக்குச் சிரட்டைக் கரியைப் பற்ற வைப்பாள். சாயங்காலம் வரை நிற்பாள். நாங்கள் மேலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவோம். அவள் துணியை எடுத்துக் கொண்டு, தேய்த்ததைக் கூடையில் வைத்து, கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவாள். வருடக் கணக்காக எங்களுக்குள் பேச்சுவார்த்தை பெரும்பாலும் கயிறு வழியாகத்தான்.

அவளிடம் நான் எச்சரித்தேன் என்று சொல்லிக் கொள்ளலாம். ஸ்கூட்டர் சம்பவத்துக்கு மறுநாள் கூடையை இறக்கிவிட்டு மேலிருந்தே கேட்டேன். "அங்கன ஏதும் விழுதா?"

"ஒண்ணும் விழலக்கா," என்றாள் அண்ணாந்து பார்க்காமல்.

ஒன்றும் விழவில்லை என்று அவளே சொல்லி விட்டாள். எனக்கு என்ன பொறுப்பு? அலுவலக வழக்கப்படி அந்தக் கோப்பை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குடியிருப்பே பட்டுப்புடவையில் பால்கனிக்கு வந்து நின்றது. ஸ்டுடியோ தம்பி டிரோனைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் வைத்ததும் தலைவர் அண்ணாச்சி ஒரு தட்டோடு வந்தார். புது வண்டிக்குச் செய்வது போல அதற்கும் செய்ய வேண்டுமாம். தம்பி பதறிப் போய் "அண்ணாச்சி, பைய, பைய" என்று தடுப்பதற்குள் டிரோனின் நெற்றி என்று தான் நினைத்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். அது கேமராவின் கண். முதல் பத்து நிமிடம் எங்கள் குடியிருப்பு முழுக்கச் செக்கச் செவேல் என்று படமானது. பிறகு கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்து மறுபடியும் விட்டார்கள். இரண்டு காகங்கள் வந்து துரத்தின. டிரோன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து கொண்டது. தம்பி பழக்க தோஷத்தில், "எல்லாரும் இங்க பாத்துக் கையக் காட்டுங்க, சிரிங்க, சிரிங்க" என்று கத்தினார். விரிசல் விட்ட கட்டடம் முழுக்க ஆட்கள் கை காட்டிச் சிரித்தார்கள்.

அவளும் வந்திருந்தாள். மற்றவர்களின் பட்டுச் சேலையையே தேய்த்துக் கொண்டிருந்தவள் அன்று தன்னுடைய பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். கத்தரிப்பூ நிறம், கல்யாணப் புடவையாக இருக்க வேண்டும். தலையில் பிச்சிப்பூ. பித்தளை இஸ்திரிப் பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். வெயிலில் அது பளபளத்தது. வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று கொண்டு, "நானும் படத்துல வருவேனாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வராம? நல்லா வருவ," என்றேன்.

அப்போதுதான் அவள் தலைக்கு மேல் பார்த்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கீழே நின்று என் வீட்டை அண்ணாந்து பார்க்கிறேன். என் குழாயின் வாயிலிருந்து சன்ஷேடு வரை சுவரில் கறுப்பும் பச்சையுமாக ஒரு பட்டை இறங்கியிருந்தது. சன்ஷேடின் விளிம்பில் உப்புப் பூத்திருந்தது. டிரோன் அடுத்து வடக்குப் பக்கம்தான் வரும். இதைப் படம் பிடித்து, சங்கத்தின் டி.வி.யில் போட்டு, பட்டியல் வைத்திருந்த செயலாளரின் வீட்டுக் குழாய் என்று எல்லாரும் பார்ப்பார்கள். ரோஸ் வண்ணத்தம்மா பார்ப்பார்.

தம்பியிடம் போய், யார் காதிலும் விழாமல் சொன்னேன். "வடக்குப் பக்கம் அவ்வளவு பார்வையா இல்ல. அந்த மூலைய மட்டும் கொஞ்சம் சுத்தமா எடுத்துருங்க தம்பி."

தூரத்தில் நின்று சட்டென்று எடுத்துவிட்டுப் போ என்பதுதான் அதற்கு அர்த்தம். அலுவலகமாக இருந்தால் புரிந்து கொண்டிருப்பார்கள்.

"கவலையே படாதீங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றார் தம்பி.

பத்து நாள் கழித்துப் படம் வந்தது. சங்க அறையில் டி.வி.யில் போட்டோம். ஆரம்பமே தாமிரபரணி. சூரியன் இறங்குகிறது, தண்ணீர் தங்கமாக ஓடுகிறது, ஒரு கொக்கு பறக்கிறது. எங்கள் குடியிருப்புக்கும் ஆற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, குழாயில் வாரம் இரண்டு நாள் வருகிற தண்ணீரைத் தவிர. பிறகு நாதசுரம். பூ இதழ்கள் கொட்டி, அதற்கு நடுவிலிருந்து எங்கள் கட்டடம் மெல்ல எழுந்து வந்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை. மாசு மருவில்லாமல், வழவழவென்று, கன்னத்தில் லேசான மினுமினுப்போடு ஒரு கட்டடம். அதற்கு இருபது வயதுக்கு மேல் யாரும் சொல்ல முடியாது. விரிசல் ஒன்று கூட இல்லை. பட்டி பார்த்த தடம் கூட இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம வீடா இது?" என்று இரண்டு தரம் கேட்டார். அவருடைய சந்தேகம் நியாயமானது.

அவளும் வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. வடக்கு மூலை வந்தது. சுவர் பால் போல வெள்ளையாக இருந்தது. குழாய் இல்லை. கறுப்புப் பட்டை இல்லை. சன்ஷேடுக்குக் கீழே வண்டியும் இல்லை. அவளும் இல்லை. அந்த இடத்தில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள் இருந்தன. எங்கள் குடியிருப்பில் யாரும் எப்போதும் வைத்திராத தொட்டிகள்.

"நான் எங்கனக்கா?" என்றாள் அவள்.

வேறு பக்கம் நின்றிருப்பாய், கேமராவுக்குள் வந்திருக்காது என்று யாரோ சொன்னார்கள். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கரி அணைந்துவிடும் என்று போய்விட்டாள்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். தம்பிக்கு நான் ஏன் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. படத்தைச் சீர்செய்வது அவருடைய மைத்துனர். வள்ளியூரில் உட்கார்ந்து தென் மாவட்டம் முழுவதுக்கும் கல்யாண ஆல்பம் செய்து தருகிறவர். மாப்பிள்ளை முகத்துப் பருவை எடுக்கிறது போலக் கட்டடத்தின் விரிசலையும் எடுத்திருக்கிறார். பட்டியில் தப்பியதை எல்லாம் அவர் பிடித்துவிட்டார்.

"அவன் ரெண்டு ராத்திரி முழிச்சு வேலை பாத்திருக்கான்க்கா. ஒரு கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு டச்சிங் வராதாம். அவ்வளவு கோடு இருந்துச்சாம் செவுத்துல."

"வண்டிய எதுக்கு எடுத்தான்? அந்தப் பிள்ளை நின்னாளே, அவளை எதுக்கு எடுத்தான்?"

"நீங்கதானக்கா அந்த மூலையச் சுத்தமா எடுக்கச் சொன்னீங்க?" என்றார் தம்பி. "நான் அவன்ட்ட அப்படியே சொன்னேன். அங்கன குழாய், கறை, வண்டி எல்லாம் கெடந்துச்சு. மொத்தமா எடுத்துட்டுத் தொட்டி வச்சுட்டான். நல்லா இல்லையா?"

அவர் கேட்டது கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் அப்படியே இருக்கு. வேணும்னா பென்டிரைவ்ல போட்டுத் தாரேன்," என்றார்.

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொன்னது: "இருக்கட்டும் தம்பி, அவசரமில்ல."

ஒரிஜினலில் விரிசல் இருக்கும். குழாயும் இருக்கும்.

பூவிதழ் கொட்டும் அந்தப் படத்தைத்தான் அண்ணாச்சி மதுரைக்கு அனுப்பினார். பொறியாளர் அதைப் பார்த்தாரா, நாதசுரத்தை மட்டும் கேட்டாரா என்று தெரியாது. அறிக்கை அழகாகத் தட்டச்சு செய்து வந்தது. கட்டடத்தின் முகப்பு வயதுக்கு மீறிய நல்ல நிலையில் இருக்கிறது. வடக்கு மூலையில் சன்ஷேடுக்குக் கீழ் ஆள் புழக்கம் இல்லை, பூந்தொட்டிகள் மட்டுமே உள்ளன. ஆகவே அங்கே அவசர வேலை எதுவும் தேவையில்லை. பொறியாளர் கையெழுத்துக்குக் கீழே, சரிபார்த்ததாகத் தலைவர் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் செயலாளர் கையெழுத்து. எத்தனையோ பேருடைய அறிக்கைகளில் ஒரு கமா விட்டுப் போனதற்குத் திருப்பி அனுப்பியவள் நான். இதில் ஒரு மனுஷியே விட்டுப் போயிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து கோணலாக வந்ததாகக் கூட ஞாபகம் இல்லை, வழக்கம் போல நன்றாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற முக்கால் மணி நேரத்தில் மட்டும் மெஷினைப் போடுவேன். தண்ணீர் சன்ஷேடில் விழும் சத்தம் அந்த நேரத்தில் மட்டும் கேட்கும். பெரிய தியாகம் செய்வது போல எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. குழாயை மாற்ற ஆள் கூப்பிடலாமே என்று தோன்றாமல் இல்லை. மழை முடியட்டும் என்று வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. சாரல் அடிக்க அடிக்க அவள் வண்டியைச் சுவரை ஒட்டி உள்ளே தள்ளினாள். முன்பெல்லாம் என் பால்கனியிலிருந்து பார்த்தால் பாதி வண்டி தெரியும். இப்போது கைப்பிடி மட்டும் தெரிந்தது. அதாவது அந்தச் சன்ஷேடு விழுந்தால் அவள் தலையில்தான் விழும் என்பது முன்னை விட உறுதியாயிற்று. இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து கொண்டே காபி குடித்தேன், செய்தி பார்த்தேன், சாயங்காலம் கூடையை இறக்கினேன்.

அப்படி ஒரு நாள். மறுநாள் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காக அன்று காலையில் ஒரு பட்டுப்புடவையைக் கூடையில் இறக்கியிருந்தேன். நாலு மணி வாக்கில் மழை கனத்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அவள். முந்தானையால் மூடி, நெஞ்சோடு அணைத்து என் புடவையைக் கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

"கூடையில வச்சா நனைஞ்சிரும்லாக்கா. பட்டு ஆச்சேன்னு நானே கொண்டாந்தேன்."

நான் கை நீட்டிப் புடவையை வாங்கினேன். கீழே லாரியில் சரளை கொட்டிய மாதிரி ஒரு சத்தம். காலடியில் தரை ஒரு தரம் அதிர்ந்தது. இரண்டு பேரும் பால்கனிக்கு ஓடிப் பார்த்தோம். சன்ஷேடு இல்லை. அது இருந்த இடத்தில் கம்பிகள் மட்டும் வளைந்து நீட்டிக் கொண்டிருந்தன. வண்டி கீழே தட்டையாகக் கிடந்தது. சிமென்டுத் துண்டுகளுக்கு அடியிலிருந்து கரித் துண்டுகள் சிதறி, மழை பட்டுச் சீறிக் கொண்டிருந்தன.

அவள் குனிந்து வண்டியைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த புடவையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். "நல்ல வேளை, உங்க சேலையக் கொண்டாந்துட்டேன். இல்லேன்னா போயிருக்கும்லா."

நான் அங்கேயே, மெஷினில் சாய்ந்து கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பயமும் வெட்கமும் சேர்ந்து வந்தால் அழுகை வராது என்று அன்று தெரிந்து கொண்டேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், என் வீட்டுச் சமையலறையில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டுக் கேட்டு.

மழை விட்டதும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பென்டிரைவை வாங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் சங்க அறையில் எல்லாரையும் கூப்பிட்டு ஒரிஜினலைப் போட்டேன். வளைகாப்புக்குப் போகவில்லை. அவளையும் வரச் சொன்னேன். இந்தத் தடவை கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். நாதசுரம் இல்லை, பூ இல்லை. டிரோனின் இரைச்சலும் காகங்களின் சத்தமும் மட்டும். எங்கள் கட்டடம் உள்ளபடி வந்தது. பட்டியையும் மீறிக் கிளம்பிய விரிசல்கள், பல்லைக் காட்டும் செங்கல், துருப்பிடித்த கம்பிகள். ஒவ்வொரு வீடு வரும்போதும் அந்த வீட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்த்தார். குங்குமச் சிவப்பில் வந்த முதல் பத்து நிமிடம்தான் பார்க்கச் சகிக்கும்படி இருந்தது.

பிறகு வடக்கு மூலை. தம்பி உண்மையில் ரொம்பக் கிட்டப் போய்த்தான் எடுத்திருந்தார். சன்ஷேடின் அடிப்பக்கம் முழுக்க ஓதம். நடுவில் ஒரு விரிசல், கை நுழையும். அதற்கு நேர் கீழே அவள், கத்தரிப்பூப் பட்டில், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரிக்கிறாள். அறையில் யாரோ "ஐயோ" என்றார்கள். படத்தை அங்கே நிறுத்தினேன்.

"இந்தா நிக்கேன்ல!" என்றாள் அவள். சத்தமாகச் சொல்லிவிட்டோமே என்று உடனே வாயைப் பொத்திக் கொண்டாள்.

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக் கொண்டு டி.வி.க்குப் பக்கத்தில் போனார். கறுப்புப் பட்டையை விரலால் மேலே மேலே பிடித்துக் கொண்டு போய்க் குழாயில் நிறுத்தினார். "இது யாரு வீட்டுக் குழாய்?"

தெரியாமல் கேட்டாரா, தெரிந்து கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ரோஸ் வண்ணத்தம்மா என்னையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"என் வீட்டுது," என்றேன். "ஆறு வருஷமா. படத்துல தெரியக் கூடாதுன்னு நான்தான் தம்பிட்டச் சொன்னேன்."

நான் அவளைப் பார்த்துத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக் கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அதற்கு ஒரு படிவம் உண்டு, வாயால் சொல்லிப் பழக்கமில்லை. அவளே முந்திக் கொண்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா. சொட்டுத தண்ணியில சோப்பு வாசம் வரும்லா. யாரு வீட்டுத் துணி என்ன வாசம்னு எனக்குத் தெரியாதா? தெனமும் காலையில காரையும் கல்லுமா விழுந்து கெடக்கும். நீங்க யாரும் எந்திரிக்கதுக்கு முன்ன கூட்டி அள்ளிக் கொண்டு போய்க் கொட்டிருவேன். விழுதுன்னு சொன்னா, என்னைய அங்கன நிக்கக் கூடாதுன்னுட்டீங்கன்னா?"